பாசிக்குவியலுக்கு அடியில் நான்கு முட்டைகள்: பழனி மலை ஏரிகளைப் பராமரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கம். மேல்பழனி மலைக் கிராமம் ஒன்றில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் ஊருக்குக் கீழே, பூண்டு வயல்கள் முடிந்து யூகலிப்டஸ் தோப்பு தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் இந்த மடல் ஓர் அலுவலகத்தின் மீதோ ஓர் ஒப்பந்ததாரர் மீதோ கொடுத்த புகாராகிவிடும். நான் சொல்ல வந்ததோ இந்த மலையின் எல்லா ஏரிகளுக்கும், ஒருவேளை நீலகிரியின் ஏரிகளுக்கும் பொருந்தக்கூடியது. ஆண்டுதோறும் சீசனுக்கு முன்பு, ஏப்ரலில், ஏரிக்கரையைச் சுத்தம் செய்கிறீர்களே, அந்த வேலையை ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்க வேண்டும் என்பதும், கோடை மாதங்களில் இக்கரைகளில் கூடு வைக்கும் பறவைகளுக்கு முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், ஒவ்வொன்றையும் பின்னர் அடையாளம் காண எண் பொறித்த கால்வளையம் இட அனுமதி தர வேண்டும் என்பதும் என் வேண்டுகோள். இரண்டும் தனித்தனிக் கோரிக்கைகளாகத் தோன்றலாம். எனக்கு அவை ஒன்றுதான். ஏன் என்று விளங்க, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் காலையில் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பேர் பரிசலில் இருந்தபடி நீண்ட கொக்கிக் கழியால் கோரையையும் பாசியையும் இழுத்துக் கரையில் போட, மற்றவர்கள் அதை அள்ளி டிராக்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இடுப்பளவு உயர்ந்திருந்த குவியலின் பக்கவாட்டில், அழுகிய தண்டுகளுக்கு நடுவே, கோழிமுட்டையை விடச் சிறிதாக, தேநீர்க் கறை படிந்தாற்போன்ற பழுப்பு நிறத்தில் ஏதோ தெரிந்தது. கையால் விலக்கிப் பார்த்தேன். நான்கு முட்டைகள். ஒன்று நசுங்கியிருந்தது, மற்ற மூன்றும் முழுதாக இருந்தன, உள்ளங்கையில் வைத்தபோது இன்னும் இளஞ்சூடு இருந்தது. பரிசலில் இருந்த இளைஞனைக் கூப்பிட்டுக் காட்டினேன். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பையன் அவன். "டீச்சர், சத்தியமா எனக்குத் தெரியல, வெறும் பாசின்னுதான் நெனச்சேன்" என்றான். மிச்சமிருந்த கோரைப் புதர் ஒன்றின் ஓரத்தில், பாசியைக் கூட்டி ஒரு மேடை போலச் செய்து, முட்டைகளை அதில் வைத்துவிட்டு விலகினோம். அந்த முட்டைகளுக்குரிய முக்குளிப்பான் என்ற சிறு நீர்ப்பறவை இணை அன்று மாலை வரை அந்தத் திறந்த நீரில் மூழ்கி மூழ்கி எழுந்துகொண்டிருந்தது. நாங்கள் செய்த மேடைப் பக்கம் போகவே இல்லை.

அந்தப் பையன் மீது ஒரு குற்றமும் இல்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். முக்குளிப்பானின் கூடு அப்படித்தான் இருக்கும். ஆணும் பெண்ணும் சேர்ந்து அழுகிய நீர்த்தாவரங்களை இழுத்து வந்து குவித்து, நீர்மட்டத்துக்குச் சற்றே மேலே தெரியும்படி மிதக்கும் ஒரு மேடு கட்டி, அது அடித்துச் செல்லப்படாமல் கோரைத் தண்டுகளோடு பிணைத்து வைக்கின்றன. முட்டை இடும்போது வெள்ளையாகத்தான் இருக்கும். கூட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் தாய் ஈரப் பாசியை அலகால் இழுத்து முட்டைகளின் மேல் போர்த்துவதால் நாளடைவில் கறை ஏறிப் பழுப்பாகிவிடுகின்றன. காகத்துக்கும் பருந்துக்கும் தெரியக்கூடாது என்பதற்காக அந்தப் பறவை கற்றுக்கொண்ட தந்திரம் அது. பார்ப்பவர் கண்ணுக்கு அது கூடாகத் தெரியவே தெரியாது, அள்ள வேண்டிய குப்பையாகத்தான் தெரியும். அடைகாக்கும் காலம் சுமார் மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் உங்கள் வேலைத் திட்டத்துக்குள் சரியாக வந்து விழுகிறது.

சட்டத்தைச் சுட்டிக்காட்டுவது என் நோக்கமன்று. ஆனாலும், 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் பொருள்விளக்கத்தில், காட்டுப்பறவையின் முட்டைகளைச் சேதப்படுத்துவதும், முட்டைகளையோ கூட்டையோ கலைப்பதும் அடங்கும் என்பதை உங்கள் பணி ஆணைகளைத் தயாரிப்பவர்கள் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். துப்பாக்கி வைத்திருப்பவனும் கொக்கிக் கழி வைத்திருப்பவனும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகிறார்கள் என்பது எனக்கே முதலில் வியப்பாகத்தான் இருந்தது.

நம் மலையில் ஏரி என்று நாம் அழைப்பவை பெரும்பாலும் மனிதர் கட்டியவை. கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் காலத்தில், சதுப்பாகக் கிடந்த பள்ளத்துக்குக் கரை போட்டு உருவாக்கப்பட்டது; உதகை ஏரி அதற்கும் முன்னால் 1820களில் ஜான் சல்லிவன் வெட்டியது. ஆகவே இங்குள்ள நீர்ப்பறவைகளை ஆதிகாலத்திலிருந்து இருப்பவை என்று நான் வாதாடப் போவதில்லை. நாம் தேக்கிய நீருக்கு அவை வந்தன, நீர் விளிம்பில் கோரை வளர்ந்ததும் குடித்தனம் வைத்தன. கோடை மழை நான்கைந்து நாள் பெய்து நீர்மட்டம் சற்று ஏறியதும் எங்கள் ஏரியில் முக்குளிப்பானும் தாழைக்கோழியும் கம்புள்கோழியும் கூடு வைக்கத் தொடங்கும். கரைமேட்டுப் பொந்துகளில் புதர்ச்சிட்டு. சற்றுத் தள்ளி லாண்டானா புதரில் செம்மீசைச் சின்னானும் வெள்ளைக்கண்ணியும். இதே வாரங்களில்தான் சமவெளியின் வெயில் தாங்காமல் மக்கள் மலையேறி வருகிறார்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். வருபவர்களுக்குக் கரை பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற உங்கள் அக்கறையும் எனக்குப் புரியாததன்று.

இப்போது கால்வளையத்துக்கு வருகிறேன்.

தமிழ்நாடு வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பு ஆண்டின் முதல் மாதங்களில் நடக்கிறது. ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் பெயருக்கேற்ப ஜனவரியில்தான். இரண்டும் அருமையான முயற்சிகள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை நானே இரண்டாவதற்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். ஆனால் அந்த மாதங்களில் ஏரியோரத்தில் நாம் எண்ணுவதில் ஒரு பங்கு வடக்கேயிருந்து குளிர்காலம் கழிக்க வந்த விருந்தாளிகள். செப்டம்பர் வாக்கில் வந்து ஏப்ரலுக்குள் கிளம்பிவிடும் சாம்பல் வாலாட்டியும், இமயத்துக் கதிர்க்குருவிகளும் போன பிறகு, இங்கேயே பிறந்து இங்கேயே சாகும் பறவைகள் கூடு வைக்கும் கோடையில் எண்ணுவதற்கு ஆளில்லை. எண்ணினாலும் ஒரு குறை மிஞ்சும். சென்ற ஆண்டு மூன்று இணை தாழைக்கோழி, இந்த ஆண்டும் மூன்று இணை என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன் என்று வையுங்கள். அவை அதே ஆறு பறவைகளா? போன ஆண்டுக் குஞ்சுகள் என்னவாயின? பழையவை செத்து, வேறு ஏரியிலிருந்து வந்த புதியவை இடம்பிடித்தனவா? அப்படியானால் எங்கள் ஏரி பறவைகளை வளர்க்கும் ஏரியா, அல்லது ஆண்டுதோறும் வெளியிலிருந்து வருபவற்றை விழுங்கிக்கொண்டிருக்கும் ஏரியா? எண்ணிக்கை இதைச் சொல்லாது. ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அடையாளம் இருந்தால்தான் சொல்ல முடியும்.

அந்த அடையாளத்தை முதலில் முறையாகச் செய்து பார்த்தவர் டென்மார்க்கின் வைபோர்க் நகரில் இருந்த மார்ட்டென்சென்; 1899இல் எண்ணும் முகவரியும் பொறித்த அலுமினிய வளையங்களைச் ஸ்டார்லிங் என்ற மைனா இனப் பறவைகளின் கால்களில் மாட்டிப் பறக்கவிட்டார். அவரும் என்னைப் போல் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதில் எனக்கு ஒரு சிறிய பெருமை உண்டு. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1927இல் இதைத் தொடங்கியது. 1959க்குப் பிறகு பறவையியலாளர் சாலிம் அலியின் முயற்சியில், பறவைகள் வழியாக நோய் பரவுகிறதா என்று அறிய விரும்பிய உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு பெரிய அளவில் விரிந்தது. நம் மாநிலத்தில் கோடியக்கரை அதன் முக்கியமான களமாயிற்று.

1980களில், விலங்கியல் படித்துக்கொண்டிருந்தபோது, கோடியக்கரை முகாம் ஒன்றில் சில வாரங்கள் எடுபிடி வேலை செய்தேன். விடியுமுன் மூங்கில் கழிகளுக்கு இடையே மயிரிழை போன்ற நைலான் வலையைக் கட்டுவோம். மிஸ்ட் நெட் என்பார்கள், தமிழில் அதற்கு நல்ல சொல் இன்னும் அமையவில்லை. பறவை மோதியதும் வலையின் தொய்வில் ஒரு பை போல விழுந்து கிடக்கும். கால் எந்தப் பக்கமிருந்து நுழைந்ததோ அந்தப் பக்கமிருந்தே சிக்கை எடுக்க வேண்டும். அவசரப்பட்டால் இறக்கை திருகிக்கொள்ளும். பருத்தித் துணிப்பையில் போட்டு, சுருள்வில் தராசில் எடை பார்த்து, அடிக்கோலால் இறக்கை அளந்து, கழுத்து ஆட்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே வரும்படி பிடித்து, அந்தக் காலுக்கான அளவு வளையத்தைக் குறடால் மூடுவார்கள். வளையத்தில் எண்ணும், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவிக்கவும் என்ற ஆங்கில வாசகமும் இருக்கும். முதன்முதலில் என் கையில் கொடுத்தது ஒரு கதிர்க்குருவி. பத்து கிராம் கூட இல்லை. அதன் இதயத் துடிப்பு தனித்தனி அடியாகத் தெரியவில்லை, ஒரு நடுக்கமாகத்தான் விரலில் தெரிந்தது. விரலைத் திறந்தேன்; அது ஒரு கணம் உள்ளங்கையிலேயே படுத்திருந்து பிறகு போயிற்று.

அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்னொன்று, வயிற்று இறகுகளை ஊதிப் பார்ப்பது. அடைகாக்கும் பறவையின் வயிற்றில் இறகு உதிர்ந்து, தோல் தடித்து, இரத்தக் குழாய்கள் தெரியும். அந்தச் சூடு முட்டைக்கு நேராகச் சேர வேண்டும் அல்லவா? கோடையில் வலை கட்டினால் இதை ஒவ்வொரு பறவையிலும் பார்க்கலாம். கூட்டைத் தேடிப் புதரைக் கலைக்காமலே அது கூடு வைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பிறகு வரும் வாரங்களில் வலையில் விழும் இளம் பறவைகளுக்கும் வளர்ந்தவற்றுக்கும் உள்ள விகிதம், அந்த ஆண்டு குஞ்சு பொரிப்பு எப்படி இருந்தது என்று சொல்லும். பிரிட்டனில் 1983 முதல் இப்படித்தான் செய்கிறார்கள். மே முதல் ஆகஸ்டு வரை 12 முறை, ஒரே இடத்தில், ஒரே நீள வலையை, அதே நேர அளவுக்குக் கட்டுகிறார்கள். முயற்சி மாறாமல் இருப்பதால், கிடைக்கும் எண்ணிக்கை மாறினால் அது பறவைகளில் ஏற்பட்ட மாற்றம் என்று துணிந்து சொல்லலாம். நம் மலைக்கு மாதங்களைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாப் பறவைக்கும் வளையம் உதவும் என்று நான் சொல்லவில்லை. இந்த மடலுக்குக் காரணமான முக்குளிப்பானுக்கே அது அதிகம் உதவாது. அது வலையில் எளிதில் விழாது. வளையம் மாட்டினாலும் அதன் கால் எப்போதும் நீருக்குள்தான் இருக்கும், தொலைநோக்கியால் படிக்க முடியாது. அதைக் கரையில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துத்தான் அறிய வேண்டும். தாழைக்கோழியின் கதை வேறு. அது கரையேறி நடக்கும். வண்ண வளையம் மாட்டினால் எட்ட நின்றே ஆளை அறியலாம். முதல் ஈட்டுக் குஞ்சுகள் வளர்ந்து, அதே பருவத்தில் பிறக்கும் தம்பி தங்கைகளுக்கு இரை ஊட்டும் பழக்கம் அந்த இனத்துக்கு உண்டு. எங்கள் ஏரியிலும் அரைகுறையாக வளர்ந்த பழுப்புப் பறவை ஒன்று சிறு குஞ்சுக்கு ஊட்டியதை ஒரு ஜூன் மாதம் பார்த்தேன்; அது அக்காவா, அண்டை வீட்டுக்காரியா என்று அடையாளம் இல்லாமல் நான் எப்படிச் சொல்வது?

ஏரி விளிம்பை ஒட்டிச் சோலைக்காடு மிஞ்சியிருக்கும் இடங்களில் கேள்வி இன்னும் கனமானது. பழனி சிரிப்பானும் வெண்வயிற்றுச் சோலைப்பறவையும் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கேயுள்ள மலைகளில் மட்டும் வாழ்பவை. இரண்டையும் அறிவியல் உலகுக்குக் கொண்டு சேர்த்தவை, 1860களில் ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி இம்மலையில் சேகரித்த மாதிரிகள். இரண்டாவதற்கும் அதன் நீலகிரி உறவுக்கும் சோலையில் வாழ்வது என்று பொருள்படும் 'ஷோலிகோலா' என்ற பேரினப் பெயர் 2017இல்தான் சூட்டப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் பெயரே இப்போதுதான் நிலைபெறுகிறது என்றால், ஒரு சோலைத் துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு ஏரிக்கரைப் புதர் வழியாக இவற்றின் குஞ்சுகள் போகின்றனவா என்பதை நாம் அறியாதிருப்பதில் வியப்பில்லை. கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது, சோலையையும் நீரையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

அண்மையில் நான் கலந்துகொண்ட ஒரு கூட்டத்தில், கோடை விழாவின்போது பறவைக்கு வளையமிடுவதைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நேரில் காட்டலாம் என்ற யோசனை நல்லெண்ணத்தோடு முன்வைக்கப்பட்டது. அதை நான் எதிர்க்கிறேன். வளையமிடுதல் பறவைக்கு இன்பமான அனுபவமன்று. பயிற்சியும் நிதானமும் இருக்கும்போது மட்டுமே அது தாங்கக்கூடிய தொல்லையாக நிற்கிறது. ஏழாயிரம் அடி உயரத்தில், ஈரப் பஞ்சுபோல மூடுபனி இறங்கும் காலையில், நனைந்த சிறு பறவை வலையில் கால்மணி நேரம் கூடுதலாகக் கிடந்தாலே குளிரில் விறைத்துவிடும். காற்று எழுந்தால் வலையைச் சுருட்ட வேண்டும். மழை வந்தால் சுருட்ட வேண்டும். பொறுப்பாளர் போதும் என்றால் அந்தக் கணமே சுருட்ட வேண்டும். முந்நூறு பேர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்கும்போது யார் சுருட்டுவார்கள்? குஞ்சுக்கு இரை தேடப் போன தாயை ஒரு செல்பிக்காக இன்னும் ஐந்து நிமிடம் பையில் வைத்திருக்கச் சொல்வார்கள், மரியாதைக்காக யாரேனும் சம்மதித்தும்விடுவார்கள். பொதுமக்களுக்குக் காட்ட வேண்டுமானால் தொலைநோக்கியை நிறுத்திவையுங்கள். தாழைக்கோழியின் காலில் ஏற்கெனவே மாட்டிய வண்ண வளையத்தைப் படிக்கச் சொல்லுங்கள். என் மாணவர்கள் அதை ஒரு விளையாட்டாகவே விரும்புவார்கள்.

அனுமதி எளிதில் தரக்கூடியதும் அன்று, தரவும் கூடாது. காட்டுப்பறவையைப் பிடிப்பதற்குத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பயிற்சியும் அனுபவமும் உள்ள நிறுவனம் ஒன்று விண்ணப்பித்தால், அதைக் கோப்புகளுக்கு அடியில் வைக்காமல், குறைந்தது ஐந்து கோடைக்குத் தொடர்ந்து செல்லும்படி அனுமதிக்க வேண்டுகிறேன். ஒரே ஆண்டு செய்துவிட்டு நிறுத்துவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். வளையம் மாட்டிய பறவையை மறுபடி பார்ப்பதில்தான் பயன் முழுவதும் இருக்கிறது.

அந்த ஐந்து கோடைக்கும் கரை இருக்க வேண்டுமே. அதனால்தான் இரண்டும் எனக்கு ஒன்று என்றேன். கரைக்கோரையை ஏப்ரலில் வழித்துவிட்டு மே மாதம் அங்கே வலை கட்டுவதில் பொருளில்லை. ஆகாயத்தாமரையையும் படகுத்துறையை அடைக்கும் மிதவைப் பாசியையும் எடுக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அவை நீரையே மூச்சுத்திணற வைப்பவை. ஆனால் வேரூன்றி நிற்கும் கோரைக்கும் அவற்றுக்கும் வேறுபாடு உண்டு. படகுத்துறையைத் தவிர மற்ற கரையில், நீருக்குள் பத்தடி அகலத்துக்காவது கோரையை ஜூலை முடியும் வரை தொடாமல் விடலாம். ஆகஸ்டு, செப்டம்பரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒரு பக்கத்தை இந்த ஆண்டும் மறுபக்கத்தை அடுத்த ஆண்டும் வெட்டலாம். சீசனுக்கு முன் தவிர்க்கவே முடியாமல் எங்கேனும் வெட்ட வேண்டியிருந்தால், முந்திய நாள் கூடு பார்க்கத் தெரிந்த ஒருவரைப் பரிசலில் அனுப்பி, கூடுள்ள புதரில் ஒரு சிவப்புத் துணி கட்டச் சொல்லலாம். செலவு ஒரு நாள் கூலியும் ஒரு முழம் துணியும். கொசு பெருகும் என்று ஊரில் சிலர் அஞ்சுகிறார்கள். எங்கள் ஊரில் கொசு பெருகுவது ஏரியில் அல்ல, கேரட் கழுவும் தொட்டிகளில்.

கூடு பார்க்கத் தெரிந்தவர் எங்கே கிடைப்பார் என்று கேட்பீர்கள். அன்று பரிசலில் இருந்த அந்தப் பையன் இப்போது கொக்கியை நீட்டுமுன் ஒவ்வொரு பாசிமேட்டையும் கழியின் மழுங்கிய முனையால் மெல்ல விலக்கிப் பார்க்கிறான். சென்ற கோடையில் இரண்டு கூடுகளை எனக்கு முன்பே கண்டுபிடித்து வந்து சொன்னான். தேவைப்படும் ஏரிக்கு அவனும் வருவான், நானும் வருகிறேன். என் குறிப்பேடுகளையும் கேட்டால் கொடுத்தனுப்புகிறேன். மார்ச் கடைசிக்குள் ஆணை வந்தால் போதும். எங்கள் ஏரியில் இந்த ஆண்டின் முதல் பாசிமேடு கீழ்க்கரை மூலையில் ஏற்கெனவே எழும்பத் தொடங்கியிருக்கிறது.

இப்படிக்கு,
மேல்பழனி மலைக் கிராமம் ஒன்றின் ஓய்வுபெற்ற ஆசிரியை